கணக்குப் படித்தால் வாத்தியார் வேலைதானா?

இந்தியப் புள்ளியியல் பணிக்கான ஐ.எஸ்.எஸ். தேர்வுக்கு விண்ணப்பக் கட்டணம் 200 ரூபாய். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் அதுவும் இல்லை. ஐ.ஏ.எஸ். தேர்வை நடத்துகிற மத்தியத் தேர்வாணையம்தான் இதையும் நடத்துகிறது. தேறியவர் மத்திய அரசில் 'ஏ' பிரிவு அதிகாரியாகச் சேர்கிறார். 1961-லிருந்து இருக்கிற பணி இது. நம்மூர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. மேத்ஸ் கடைசி வருடம் படிக்கிற பெண்ணிடம் போய், "ஐ.எஸ்.எஸ். எழுதலையாம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஐ.ஏ.எஸ்.ஸா சார்?" என்று திருப்பிக் கேட்பார். சரி, அடுத்து என்ன படிக்கப் போகிறாய் என்றால் மட்டும் பதில் தயாராக இருக்கும். "பி.எட்."

ஆசிரியர் வேலை மட்டம் என்று யாரும் சொல்லவில்லை. நல்ல கணக்கு வாத்தியார் கிடைக்காமல் தவிக்கிற பள்ளிக்கூடங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்த ஒரு வாசலில் இத்தனை பேரைக் கொண்டுபோய் நிறுத்துகிறோமே, உள்ளே இடம் எவ்வளவு என்று அவர்களுக்குச் சொல்கிறோமா? பட்டம் மூன்று ஆண்டு. பி.எட். 2015 முதல் இரண்டு ஆண்டு. அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட். டெட் தேறினாலும் வேலை உறுதியில்லை. 2018-ல் வந்த அரசாணை 149, நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுதச் சொல்கிறது. 2013-ல் டெட் தேறியவர்கள் வேலை கேட்டு ஆண்டுக்கணக்கில் சென்னைத் தெருவில் போராடியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். இருபதுகளில் வரிசைக்கு வந்தவர்கள் முப்பதைத் தாண்டியும் நிற்கிறார்கள். இடைப்பட்ட காலத்துக்குத் தனியார் பள்ளியில் சொற்பச் சம்பளம், சாயங்காலம் வீட்டில் டியூஷன். பெண் என்றால், அந்த வரிசையில் நிற்கும்போதே கல்யாணம் முடிந்து சான்றிதழ்கள் பீரோவுக்குள் போய்விடும். கணித வகுப்புகளில் பெண்களே அதிகம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் வேலையில்லாத் திண்டாட்டம் என்ற பொதுக் கணக்கில் எழுதிவிட்டுப் போவது வசதி. இருக்கிற வேலையே காதுக்கு எட்டவில்லை என்பதுதான் நான் சொல்லவரும் குறை. எட்டினாலும், சின்னதாக ஒரு தகுதி விதியில் சிக்கி விண்ணப்பிக்க முடியாமல் போகிறது. முதல் குறையை ஒரு நோட்டீஸ் போர்டே தீர்த்துவிடும். இரண்டாவதற்குப் பாடத்திட்டத்தில் கைவைக்க வேண்டும்.

அந்த விதியைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். மத்திய அரசின் பணியாளர் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். தேர்வு நம் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரிந்த பெயர். வருமான வரி ஆய்வாளர் ஆகலாம் என்று அதற்குப் படிக்கிறார்கள். அதே தேர்வில் இளநிலைப் புள்ளியியல் அதிகாரி என்று ஒரு பதவி இருக்கிறது. தொடக்க அடிப்படைச் சம்பளம் 35,400 ரூபாய். விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய், பெண்களுக்கு அதுவும் கிடையாது. தகுதி என்ன? ஏதாவது ஒரு பட்டம், கூடவே பிளஸ் டூ கணக்கில் 60 சதவீத மதிப்பெண். அந்த மதிப்பெண் இல்லையென்றால், பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்திருந்தாலும் போதும். பி.எஸ்சி. மேத்ஸ் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் எத்தனையோ பேர் பிளஸ் டூ மார்க் ஷீட்டை வைத்தே இதற்கு விண்ணப்பித்துவிடலாம். பொதுத் தாள்களோடு புள்ளியியலில் 200 மதிப்பெண்ணுக்கு ஒரு தனித் தாள் எழுத வேண்டும். சராசரி, திட்ட விலக்கம், ஒட்டுறவு, நிகழ்தகவு, மாதிரி எடுத்தல், குறியீட்டெண் என்று போகிற தாள். துணைப்பாடமாக வரும் புள்ளியியல் அலைடு பேப்பரை ஒழுங்காகப் படித்தவருக்கு இதில் அந்நியமாக எதுவும் பெரிதாக இருக்காது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் என்பது தனிக் குறை. அதற்குத் தனியாகச் சண்டை போட வேண்டும்.

அதே தேர்வில் இன்னொரு பதவி, இரண்டாம் நிலைப் புள்ளியியல் ஆய்வாளர். இதற்குப் பல ஆண்டு அறிவிக்கைகளில் ஒரு கூடுதல் நிபந்தனை வந்திருக்கிறது. பட்டப்படிப்பின் மூன்று ஆண்டுகளிலும், அதாவது ஆறு செமஸ்டரிலும், புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும். நம் பல்கலைக்கழகங்களின் பி.எஸ்சி. கணிதத்தில் புள்ளியியல் பெரும்பாலும் அலைடாகச் சில செமஸ்டர் தலைகாட்டிவிட்டுப் போய்விடுகிறது. அலைடுக்கு இயற்பியலையும் வேதியியலையும் கொடுக்கிற கல்லூரியில் இன்னும் சுருங்கிவிடும். மூன்று வருடம் கணக்கோடு மல்லுக்கட்டிய பிள்ளை, மதிப்பெண் பட்டியலில் புள்ளியியல் என்ற சொல் ஆறு இடத்தில் அச்சாகவில்லை என்பதற்காக வெளியே நிற்கிறது. பாடத்திட்டக் குழுவில் இருக்கிற யாராவது அந்த அறிவிக்கையை ஒருமுறை வாசித்திருந்தால், செமஸ்டருக்கு ஒரு புள்ளியியல் தாளைச் சேர்க்க எத்தனை கூட்டம் ஆகியிருக்கும்?

ஐ.எஸ்.எஸ். விதி இதைவிட நெகிழ்வானது. 21 முதல் 30 வயது. இளநிலைப் பட்டத்தில் புள்ளியியலோ கணிதப் புள்ளியியலோ பயன்பாட்டுப் புள்ளியியலோ ஒரு பாடமாக இருக்க வேண்டும், அல்லது அவற்றில் முதுநிலைப் பட்டம் வேண்டும். அலைடாகப் படித்த 'கணிதப் புள்ளியியல்' இதற்குச் செல்லுமா என்று ஒரு மாணவிக்குச் சந்தேகம் வந்தால் யாரைப் போய்க் கேட்பார்? ஹெச்.ஓ.டி. பல்கலைக்கழகத்தைக் கைகாட்டுவார், பல்கலைக்கழகம் கல்லூரியைக் கைகாட்டும். பதிவாளர் தேர்வாணையத்துக்கு ஒரு கடிதம் எழுதி, எழுத்தில் பதில் வாங்கி, எல்லாக் கல்லூரிக்கும் சுற்றறிக்கை அனுப்பினால் முடிகிற காரியம் இது. செலவு ஒரு தபால் தலை.

மாநில அரசிலும் இதே கதை. பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைக்கு உதவிப் புள்ளியியல் ஆய்வாளர்களை டி.என்.பி.எஸ்.சி. எடுக்கிறது. குரூப் 4-க்கு ராப்பகலாகப் படிக்கும் கணிதப் பட்டதாரிகளில் எத்தனை பேருக்கு இந்தப் பதவியின் பெயர் தெரியும்? ரிசர்வ் வங்கி தன் புள்ளியியல் துறைக்கென்று தனியாக அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கிறது. அதற்குப் பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் தேவை.

புள்ளியியல் என்றாலே ஃபைலில் எண்களை நிரப்புகிற குமாஸ்தா வேலை என்று நினைப்பவர்களுக்குச் சென்னைச் சேத்துப்பட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். காசநோயாளியை சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பிய காலம். 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கியது. நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். யார் எந்தக் குழு என்பதை டாக்டரோ நோயாளியோ முடிவுசெய்யவில்லை, குலுக்கல் போலத் தற்செயலாகத் தீர்மானித்தார்கள். ஒரு குழுவுக்குச் சானடோரியத்திலும் இன்னொரு குழுவுக்கு வீட்டிலேயும் ஓராண்டு சிகிச்சை. நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு என்று இருந்தும், வீட்டில் மருந்து சாப்பிட்டவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். 1959-ல் வெளிவந்த அந்த முடிவு உலகம் முழுக்கக் காசநோய்ச் சிகிச்சையின் போக்கையே மாற்றியது. மருந்தைக் கண்டுபிடித்தவர்கள் வேறு யாரோ. அதை வீட்டிலேயே கொடுக்கலாம் என்று மருத்துவ உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தது புள்ளியியல். அந்த மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். வேலூர் சி.எம்.சி.யில் உயிர்ப்புள்ளியியலுக்கென்று துறையே இருக்கிறது. புதிய மருந்தைச் சோதிக்கிற ஒவ்வொரு இடத்திலும் இந்தப் படிப்புக்கு வேலை உண்டு. ஆஸ்பத்திரி வேலை என்றால் டாக்டரும் நர்ஸும்தான் என்று நினைக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இது எப்படித் தெரியும்?

இன்ஷூரன்ஸ் பாலிசிக்கு எவ்வளவு பிரீமியம் வாங்கலாம், எதிர்காலத்தில் கொடுக்க வேண்டிய பணத்துக்கு இன்று எவ்வளவு ஒதுக்கிவைக்க வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர் ஆக்சுவரி. ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்திலும் ஒரு ஆக்சுவரி இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. இந்திய ஆக்சுவரிகள் கழகம் நடத்தும் ஏசெட் நுழைவுத்தேர்வைப் பிளஸ் டூ முடித்தவரே எழுதலாம். இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். தாள்கள் ஒரு டஜனுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம், தேறி முடிக்க வருடங்கள் ஆகும், வேலைகளும் மும்பை மாதிரி ஊர்களில்தான் குவிந்து கிடக்கின்றன. கையில் காசில்லாத வீட்டுப் பிள்ளை உதவியில்லாமல் இதில் இறங்க முடியாது. அப்படியானால் உதவ வேண்டியது யார்?

மேற்படிப்பு விஷயத்தில் இன்னும் வயிற்றெரிச்சல். தரமணியில் 1962-லிருந்து கணித அறிவியல் நிறுவனம். சிறுசேரியில், சி.எஸ்.சேஷாத்ரி 1989-ல் தொடங்கிய சென்னைக் கணிதவியல் நிறுவனம். இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குச் சென்னையில் ஒரு மையம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இராமானுஜன் பெயரிலேயே உயர்கணித நிறுவனம். கணிதத்துக்கு இத்தனை வாசல் உள்ள ஊர் இந்தியாவில் அதிகமில்லை. ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர எழுதும் ஜாம் தேர்வில் கணிதத்துக்கு ஒரு தாள், கணிதப் புள்ளியியலுக்கு ஒரு தாள். எஸ்.குமரேசன் 1993-ல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கோடை முகாம், கணிதத்தை மனப்பாடம் செய்யாமல் யோசித்துப் படிக்கச் சொல்லித்தருகிறது. இவற்றில் எதுவும் சிதம்பர ரகசியம் இல்லை. ஆனால் விருதுநகருக்கும் அரியலூருக்கும் தேதி முடிந்த பிறகுதான் செய்தி போய்ச் சேர்கிறது. மாநிலக் கல்லூரியில் புள்ளியியல் ஆனர்ஸ் படித்த எஸ்.ஆர்.எஸ்.வரதன், அங்கிருந்து கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போனார். 2007-ல் ஏபெல் பரிசு வாங்கினார். அவர் படித்த பாடத்துக்குத் தனித் துறை வைத்திருக்கும் கல்லூரிகளைத் தமிழ்நாட்டில் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

டிசம்பர் 22 வந்தால் மட்டும் குறை வைக்க மாட்டோம். தேசியக் கணித நாள். கோலப் போட்டி, வினாடி வினா, சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை. வேலை தேடி அலைந்து, 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்த இராமானுஜன் பெயரால் நடக்கிற விழா அது. அதில் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது.

இந்த வெற்றிடத்தில்தான் 'டேட்டா சயின்ஸ்' போர்டுகள் முளைத்திருக்கின்றன. மூன்று மாதப் பயிற்சி, நூறு சதவீத வேலை என்கிற கடைகளிடம் நகையை அடகு வைத்துப் பணம் கட்டுகிறார்கள். சில கல்லூரிகளும் பட்டத்தின் பெயரை மாற்றிவிட்டு, புள்ளியியல் சொல்லித்தர ஆள் போடாமல் காலம் தள்ளுகின்றன. தரவு வேலைக்கு அடிப்படையே நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும்தான். அவை பி.எஸ்சி. மேத்ஸில் ஏற்கெனவே இருக்கின்றன. குறைவது கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிற பழக்கம். ஆர், பைத்தான் இரண்டும் காசில்லாமல் கிடைக்கிற மென்பொருள்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையின் லேப் பூட்டிக் கிடக்கிற நேரத்தில் அதைக் கணிதத் துறைக்குத் திறந்துவிட, முதல்வரின் கையெழுத்து ஒன்று போதும்.

இனி யார் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு வருவோம். தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றமும் பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களும் பி.எஸ்சி. கணிதத்தில் ஆறு செமஸ்டரிலும் ஒரு புள்ளியியல் தாளை, அந்தப் பெயரிலேயே, வைக்க வேண்டும். 'அளவுசார் நுட்பங்கள்' என்று அழகான பெயர் சூட்டினால் சான்றிதழ் சரிபார்க்கும் மேஜையில் பிள்ளை விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். அந்தத் தாளை நடத்தப் புள்ளியியல் படித்த நிரந்தர ஆசிரியர்கள் வேண்டும். முனைவர் பட்டம் வாங்கியும் கௌரவ விரிவுரையாளராகவே வருடங்களைக் கழிப்பவரைப் பார்த்து, மாணவருக்குக் கணிதத்தின் மேல் என்ன நம்பிக்கை வரும்?

கல்லூரிக் கல்வித் துறை, ஒவ்வொரு கணிதத் துறையிலும் ஒரு ஆசிரியருக்குத் தேர்வு அறிவிக்கைகளைக் கவனிக்கும் பொறுப்பைக் கொடுத்து, வேலைப்பளுவில் அதற்கு நேரமும் ஒதுக்க வேண்டும். பிளேஸ்மென்ட் செல் இருக்கிறதே என்பார்கள். அது கம்பெனி வருகிற நாளுக்காகக் காத்திருக்கிற அமைப்பு. ஐ.எஸ்.எஸ்.ஸும் ஜாமும் வளாகத்துக்கு வராது, நாம்தான் போக வேண்டும்.

2022-ல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தைக் குறைத்து மதிப்பிட மாட்டேன். குடிமைப் பணித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு மாதம் 7,500 ரூபாய் ஊக்கத்தொகை கொடுப்பது நல்ல காரியம். அந்த அக்கறையில் ஒரு பங்கை ஐ.எஸ்.எஸ். எழுதுகிறவர்களுக்கும் ஒதுக்கட்டும். ஏசெட், ஜாம் கட்டணத்தை அரசுக் கல்லூரி மாணவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கட்டும். எஸ்.எஸ்.சி. பயிற்சி நடக்கும் இடங்களில் புள்ளியியல் தாளுக்கும் ஒரு ஆசிரியரைப் போடட்டும்.

2011-க்குப் பிறகு நடக்காமல் கிடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு இப்போது 2027 என்று நாள் குறித்திருக்கிறார்கள். வீடு வீடாகச் சேரும் தகவலைச் சரிபார்க்கவும் பகுத்துப் பார்க்கவும் ஆட்கள் வேண்டும். பாடத்திட்டத்தை மாற்ற எப்படியும் ஒரு வருடம் ஆகும். நோட்டீஸ் போர்டுக்கு அந்தச் சாக்கு கிடையாது. ஜாம் விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் திறந்து, அடுத்த பிப்ரவரியில் தேர்வு வருகிறது. இந்த ஆகஸ்டுக்குள் எந்தெந்த அரசுக் கல்லூரியின் கணிதத் துறைப் பலகையில் அந்தத் தேதி ஏறியிருக்கிறது என்று கல்லூரிக் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை அனுப்பிக் கேட்கட்டும்.