உட்கார வைப்பதா அன்பு?

கப்பர்நாகூமில் சீமோனின் மாமியார் காய்ச்சலாய்க் கிடந்தார். இயேசு அவர் கையைப் பற்றித் தூக்கிவிட்டார். காய்ச்சல் நீங்கிய அப்பெண்மணி எழுந்து, வீட்டிற்கு வந்தோரை உபசரிக்கத் தொடங்கினார். நம் இல்லமாயிருந்தால் என்ன செய்திருப்போம்? "நீங்கள் படுத்திருங்கள் அம்மா, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மீண்டும் பாயில் கிடத்தியிருப்போம். இயேசு அவரைத் தடுக்கவில்லை. அவர் தம் அடுப்படிக்குத் திரும்பியதே அவர் நலமடைந்ததற்குச் சான்றாயிற்று.

முதியோரை உட்கார வைப்பதே அன்பு என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது பெரும்பாலும் அன்பன்று, நம் அவசரமே. அவர் பத்து நிமிடத்தில் செய்வதை நாம் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடலாம் என்பதற்காக அவருடைய வேலையைப் பறிக்கிறோம். பறித்துவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயரிடுகிறோம்.

இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு. படவேட்டு வாழைத் தோட்டங்களில் வாழ்நாளெல்லாம் உழைத்த மூதாட்டி ஒருவர் ஒருமுறை வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆயினும் அன்றே அரிவாள்மனை, துடைப்பம், மாட்டுக் கயிறு எல்லாம் அவர் கையினின்று வாங்கப்பட்டன. நற்கருணை கொண்டு சென்ற நானும், "இனி உங்களுக்குச் செபமாலை போதும் பாட்டி" என்றேன். ஓராண்டிற்குள் அவர் சுவரைப் பிடிக்காமல் எழ இயலாதவரானார். ஒருநாள் என்னிடம் கேட்டார்: "கையில் இருந்ததையெல்லாம் பிடுங்கிக்கொண்டீர்களே சாமி, இந்தச் செபமாலையை மட்டும் எதற்கு விட்டுவைத்தீர்கள்?" இன்றுவரை அதற்கு என்னிடம் விடையில்லை.

அவருக்குத் தேவைப்பட்டது ஓய்வன்று. ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் தொழில்வழிச் சிகிச்சை. இங்கே தொழில் என்பது சம்பளத்திற்குச் செய்யும் வேலை மட்டுமன்று. குளிப்பது, உடுத்துவது, சமைப்பது, கோயிலுக்குச் செல்வது என ஒருவர் தம் நாளை நிரப்பும் செயல்கள் யாவும் அதில் அடங்கும். இயன்முறை மருத்துவர் மடங்காத முழங்காலை மடங்கச் செய்வார். தொழில்வழிச் சிகிச்சையாளரோ, அந்த முழங்காலைக்கொண்டு இவர் என்ன செய்ய விரும்புகிறார் என்று கேட்பார். வேலையை விலக்காமல், வேலையின் முறையையும் கருவியையும் இடத்தையும் மாற்றித் தருவார். தரையில் அமர்ந்து அரிய முடியாதவருக்கு மேசையும் பலகையும். விரல் மடங்காதவருக்குத் துணி சுற்றித் தடித்த கரண்டிக் காம்பு. அன்றாடப் பாத்திரங்களுக்கு இடுப்பளவு உயரத்தில் பலகை. கழிப்பறைச் சுவரில் ஒரு கைப்பிடி. பக்கவாதம் கண்டவர் செயலிழந்த கையை முதலில் சட்டைக்குள் நுழைத்து, நல்ல கையைப் பின்னர் நுழைக்கப் பழகினால் பிறர் உதவியின்றியே உடுத்திக்கொள்ளலாம். இவை சிறியவைதாம். ஆனால் பிறர் கையை எதிர்பார்த்துக் கிடப்பதற்கும் தன் காலில் நிற்பதற்கும் இடையிலுள்ள தூரம் பலருக்கு இவ்வளவே.

இதைக் கற்க நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. வேலூரில் மருத்துவர் பால் பிராண்ட் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை அறுவை செய்து நிமிர்த்தியதோடு நின்றுவிடவில்லை. அந்த விரல்கள் காயமின்றி உழைக்க மரவேலைக் கூடமும் அமைத்தார். அவரிடம் பயின்ற மருத்துவர் மேரி வர்கீஸ் 1954-இல் நேர்ந்த விபத்தில் இடுப்பிற்குக் கீழே உணர்விழந்தார். அவரை யாரும் மூலையில் உட்கார வைக்கவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தே அறுவை மருத்துவம் செய்தார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அவரைப் படுக்கையில் கிடத்தி அனுதாபப்பட்டிருந்தால், எத்தனை பேர் எழுந்திருக்க மாட்டார்கள்!

'முதியோரைக் கூட்டிவைத்து விளையாட்டும் பாட்டும் நடத்தினால் போதாதா?' எனலாம். போதாது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறரைச் சாராது வாழ்ந்த, அறுபதும் அதற்கு மேலும் வயதுடைய 361 பேரிடம் நடந்த ஆய்வொன்று 1997-இல் வெளியாயிற்று. ஒரு பிரிவினருக்குத் தொழில்வழிச் சிகிச்சை. மறு பிரிவினருக்குக் கூடிப் பொழுதுபோக்கும் நிகழ்ச்சிகள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவுமில்லை. ஒன்பது மாதங்களுக்குப் பின், உடல்நலத்திலும் மனநிறைவிலும் முதற்பிரிவினரே முன்னேறியிருந்தனர். பொழுதுபோக்கியோர் எதுவும் பெறாதவரைக் காட்டிலும் மேம்படவில்லை. முதுமைக்கு வேண்டியது பொழுதைக் கழிக்க வழியன்று, பொருளுள்ள வேலை.

'அப்படியானால் தள்ளாத வயதிலும் பெற்றோரை வேலை வாங்குவதா?' என்று சிலர் சினம் கொள்ளக்கூடும். இல்லை. வறுமையால் எழுபதிலும் கூலிக்கு மண் சுமப்பது அநீதி. அதை ஒழிக்கவே வேண்டும். வேண்டாத வேலையைத் திணிப்பது கொடுமை. வேண்டிய வேலையைப் பறிப்பதும் கொடுமையே. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் மனித உழைப்பைப் பற்றி 1981-இல் வரைந்த திருமடலில், உழைப்பின் மாண்பு விளைபொருளில் அன்று, உழைக்கும் மனிதரிடமே உள்ளது எனக் கற்பித்தார். அம்மாண்பிற்கு வயதுவரம்பு இல்லை.

2011 கணக்கெடுப்பின்போதே தமிழக மக்களில் பத்தில் ஒருவர் அறுபதைக் கடந்திருந்தார். 2021 முதல் அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை மருத்துவத்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நம் பங்குகள் என்ன செய்கின்றன? சூலை மாத நான்காம் ஞாயிறன்று முதியோர் நாள் கொண்டாடிப் பொன்னாடை போர்த்துகிறோம். போர்வை வழங்கிப் படமெடுத்துக்கொள்கிறோம். ஆனால் ஆலயப் படிக்கட்டில் ஒரு கைப்பிடி இல்லை. கோபுரம் உயர்த்தப் பணம் திரட்டிய நாம், அவர்கள் படியேற ஓர் இரும்புக் குழாய் வைக்க மறந்தோம். வாசகம் படிக்கவும், மறைக்கல்வி சொல்லவும், பீடத்திற்குப் பூக்கட்டவும் அவர்களை அழைப்பதில்லை. முன்வரிசையில் அமர்த்திவிடுகிறோம், அத்துடன் நம் மரியாதை முடிந்துவிடுகிறது.

தாய் தந்தையை மதிக்கச் சொல்லும் நான்காம் கட்டளை, அவர்களை உட்கார வைத்துச் சோறூட்டுவதோடு நிறைவேறிவிடாது. இயலும்வரை அவர்கள் தம் கையாலே உண்ண வழிசெய்வதும் அதில் அடங்கும். இந்த வாரமே நம் வீட்டுக் கழிப்பறையையும், கட்டிலின் உயரத்தையும், அடுப்பங்கரையையும் ஒரு முதியவரின் கண்கொண்டு பார்ப்போம். பின்பு அவரருகே அமர்ந்து, "எந்த வேலையை நீங்கள் மீண்டும் செய்ய விரும்புகிறீர்கள்?" என்று கேட்போம். அந்த மூதாட்டியிடம் நான் கேட்கத் தவறிய கேள்வி அது.