பற்றுச்சீட்டு எங்கே?



சென்ற மாதம் பலாங்கொடை நகரில் ஆறு பேர் சேர்ந்து இரவுச் சாப்பாட்டுக்குப் போனோம். தையல் பயிற்சியை முடித்த தோட்டத்துச் சகோதரிகள் ஐந்து பேர், அவர்களோடு நான். அந்த மகிழ்ச்சியைக் கொண்டாட ஆளுக்கு 1,000 ரூபா சேர்த்திருந்தோம். தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்ததே 2024ஆம் ஆண்டில்தான். ஆகவே 1,000 ரூபா அவர்களுக்கு எவ்வளவு பெரிய தொகை என்பது உங்களுக்கு விளங்கும்.

எங்களில் மூத்தவர் ஓர் அக்கா. 1977 வன்செயலுக்குப் பின்னர் இந்தப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அப்போது அவர் சிறு பிள்ளை. 2009இல் கணவனை இழந்து, செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்து, பின்னர் இரண்டு பெண்பிள்ளைகளோடு தம்பியின் லயத்துக்கே திரும்பி வந்தவர். கடையில் மேசை போட்டு உட்கார்ந்து சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்று வரும் வழியிலேயே சொன்னார்.

கடையில் விலைப்பட்டியல் எங்கும் இல்லை. மேசை துடைக்கப்படவில்லை. நாலு ரைஸ், இரண்டு கொத்து, ஆறு பிளேன்டீ சொன்னோம். முக்கால் மணிநேரம் கழித்துத்தான் சாப்பாடு வந்தது. எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போயே விட்டார்கள். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸை நினைத்து எல்லோரும் மணியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ரைஸ் மேலே சூடாக இருந்தது, உள்ளே சில்லிட்டிருந்தது. இரண்டு தட்டில் புளித்த வாடை. “மிஸ், இது பழசு” என்றார் ஒரு தங்கை. நான் சொன்ன பதிலை எழுதவே வெட்கமாக இருக்கிறது. “பரவாயில்ல, விடுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன். கூட்டங்களில் உரிமை உரிமை என்று பேசுகிறவள் நான்தான்.

அக்கா தட்டைத் தள்ளி வைத்தார். “வரிசையில நின்னு வாங்குன சோத்த நான் ஒரு நாளும் குறை சொன்னதில்ல மிஸ். இது நாம காசு குடுத்து வாங்குற சோறு” என்றார்.

பிறகு பில் வந்தது. ஒரு துண்டுக் கடதாசியில் 5,300 என்று மட்டும் எழுதியிருந்தது. நான் பணத்தை எண்ணத் தொடங்கினேன். அக்கா எழுந்து காசாளரிடம் போய், “எதுக்கு எவ்வளவுன்னு எழுதித் தாங்க” என்று கேட்டார். அவருடைய கை நடுங்கியதை நான் பார்த்தேன். ஆனால் குரல் நடுங்கவில்லை. எழுதச் செய்தபோதுதான் உண்மை தெரிந்தது. ரைஸ் ஐந்து என்று போட்டிருந்தார்கள். நாங்கள் தொடாத இரண்டு தண்ணீர்ப் போத்தல்களும் அதில் இருந்தன. மொத்தம் 900 ரூபா கூடுதல். அதைக் கழித்தார்கள். பழைய ரைஸுக்கு மட்டும், “எல்லாரும் சாப்பிடுறாங்கதானே” என்ற பதில்தான் கிடைத்தது. 4,400 ரூபா கட்டினோம். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. பாதி வயிற்றோடு பஸ்ஸுக்கு ஓடினோம்.

900 ரூபா என்பது அந்த அடிப்படை நாட்சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. அக்கா பேசாமல் இருந்திருந்தால் அது அப்படியே போயிருக்கும்.

சகோதரிகளே, எங்களில் பலர் பல வருடங்கள் நிவாரணத்தில் வாழ்ந்தவர்கள். கொடுத்ததை வாங்கிக்கொண்டு நன்றி சொல்லப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் முகாமை விட்டு வந்த பின்பும் கூடவே வருகிறது. கடையில், பஸ்ஸில், கந்தோரில் வாய் திறக்க விடுவதில்லை. கேட்டால் சண்டைக்காரி என்பார்களோ என்ற பயமும் உண்டு. ஆனால் அக்கா சண்டை போடவில்லை. கணக்குக் கேட்டார், அவ்வளவுதான்.

சட்டமும் அவர் பக்கம் இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தின்படி வியாபாரி விலைகளைக் கண்ணில் படும்படி காட்சிப்படுத்த வேண்டும். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டும். முறைப்பாடு செய்ய 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். பழுதான உணவு, அசுத்தமான சமையலறை பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லலாம். மறுநாள் நானும் அதைச் செய்தேன். பழைய சோற்றைச் சூடாக்கினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பல மணிநேரம் வெளியில் கிடந்த சோற்றில் உருவாகும் ஒருவகை நச்சு, திரும்பச் சூடாக்கினாலும் அழியாது.

உங்களில் சிலர் இடியப்பம் அவித்து விற்கிறீர்கள், சிறிய சாப்பாட்டுக் கடை நடத்துகிறீர்கள். வடக்கில் பெண்களே நடத்தும் ‘அம்மாச்சி’ உணவகங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். வாங்குபவரின் கண்முன்னே சமைத்துச் சுடச்சுடக் கொடுப்பதுதான் அங்கே ஆட்களை இழுக்கிறது. இந்தக் கதை உங்களுக்கும் சேர்த்துத்தான். விலையை எழுதிப் போடுங்கள். மிஞ்சியதை மறுநாள் விற்காதீர்கள். தாமதமானால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் கடைக்கு வரும் பெண்ணும் நாள் முழுதும் உழைத்த காசோடுதான் வருகிறாள்.

பஸ்ஸில் அக்காவிடம், “பயமா இல்லையா அக்கா?” என்று கேட்டேன். “பயந்தாங்க மிஸ். ஆனா கேட்ட பொறகு பசியே தெரியல்ல” என்றார்.

அடுத்த மாதம் அவருடைய லயத்தில் நாங்களே சமைத்துச் சாப்பிடப் போகிறோம். அடுத்த முறை கடைக்குப் போனால், பில்லை முதலில் கேட்பது நானாகத்தான் இருக்க வேண்டும்.