திரும்பி வராத சமாரியர்கள்

அடைக்கலம் என்னும் சொல் நமக்கு அந்நியமானதன்று. ஏலாக்குறிச்சியில் அன்னையை அடைக்கல மாதா என்றே அழைத்து மன்றாடுகிறோம். ஆனால் அடைக்கலம் தேடி வந்த பிள்ளைகள், அடைக்கலம் தந்த வீட்டிலேயே மாண்டால் அந்த வீட்டிற்கு என்ன பெயர்?

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில், சான் ஹோசே பினுலா என்னும் ஊரில், அரசு நடத்திய காப்பகம் ஒன்று இருந்தது. விண்ணேற்பு அன்னையின் திருப்பெயரையே அது தாங்கியிருந்தது. வன்முறைக்கும் பாலியல் கொடுமைக்கும் ஆளான சிறுவர் சிறுமியர் பலர் அங்கே சேர்க்கப்பட்டனர். தப்பி வந்த கொடுமை அங்கும் தொடர்ந்ததென அவர்கள் முறையிட்டனர். 2017 மார்ச் 7 அன்று பலர் அங்கிருந்து தப்பியோடினர். காவலர் அவர்களைப் பிடித்து வந்தனர். சிறுமியர் 56 பேர் ஓர் அறையில் வைத்துப் பூட்டப்பட்டனர். மறுநாள், உலக மகளிர் தினத்தன்று காலையில், அவ்வறையில் தீ மூண்டது. அவர்கள் கதறியும் கதவு உடனே திறக்கப்படவில்லை. 41 சிறுமியர் மாண்டனர். 15 பேர் தீக்காயங்களோடு பிழைத்தனர்.

மெத்தைக்குத் தீ வைத்தவர்கள் அந்தச் சிறுமியரே என்று உடனே சிலர் வாதிட்டனர். அப்படியே இருக்கட்டும். கதவைப் பூட்டியவர் யார்? சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவர் யார்? அடைபட்டவர் செய்த பிழையைக் காட்டி அடைத்தவர் தப்பிக்க முடியுமானால், உலகில் எந்தச் சிறைக்காவலனும் குற்றவாளியாக மாட்டான். முன்னாள் அலுவலர் அறுவருக்கு 6 முதல் 25 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை என்று தீர்ப்பு வந்தது 2025 ஆகஸ்டில்தான். எட்டு ஆண்டுகள் அந்தத் தாய்மார் நீதிமன்ற வாயிலில் காத்துக்கிடந்தனர்.

எங்கோ நடந்தது, நமக்கென்ன என்பீர்களோ? நம் ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று, மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டனர். அங்கே பூட்டு, இங்கே சங்கிலி. பாதுகாப்பு என்ற பெயரில்தான் இரண்டும் போடப்பட்டன.

இத்தகைய சாவு நேரும்போது எழும் மற்றொரு வாதம் நமக்கு மிக நெருக்கமானது. "வெளியே சொன்னால் நல்ல பணிக்குக் கெட்ட பெயர் வரும், நன்கொடை நின்றுவிடும், மீதிப் பிள்ளைகள் தெருவில் நிற்பார்கள்" என்பர். பணியாளர் குறைவு, பணம் போதாது, பொறுப்போ பெரிது என்பதெல்லாம் மெய்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் ஒரு பிள்ளையின் சாவை மறைத்துக் காப்பாற்றப்படும் பெயர், அந்தப் பிள்ளையின் பிணத்தின் மீது எழுப்பப்பட்ட பெயர். மறைத்தவன் மீதிப் பிள்ளைகளைக் காக்கவில்லை. அடுத்த சாவுக்கே இடம் செய்து வைக்கிறான்.

ஆகவே செய்ய வேண்டியவற்றை வெளிப்படையாகச் சொல்வோம். சாவோ கொடுங்காயமோ நேர்ந்தால் முதலில் மருத்துவம். உடனே காவல்துறைக்கும் உரிய அதிகாரிகளுக்கும் அறிவிப்பு. பெற்றோர் செய்தியைப் பத்திரிகையில் படித்து அறியலாகாது. பொறுப்பாளரே நேரில் சென்று சொல்ல வேண்டும். நிகழ்ந்த இடத்தில் எதையும் கழுவவோ ஒதுக்கவோ கூடாது. பதிவேட்டில் ஓர் எழுத்தையும் மாற்றக் கூடாது. விசாரணையை அந்நிறுவனத்தைச் சாராதவர் நடத்த வேண்டும். கண்ணால் கண்ட பிற பிள்ளைகளை "வாய் திறக்காதே" என மிரட்டாமல், அவர்கள் அச்சமின்றிப் பேசவும் அழவும் துணை வேண்டும். உடனிருந்த பணியாளருக்கும் அத்துணை தேவை. இரங்கல் திருப்பலி வேண்டியதுதான். ஆனால் அது விசாரணைக்கு மாற்றாகாது.

இனி நம்மைப் பற்றி. நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை மறையுரையில் விளக்கியிருக்கிறோம். அடிபட்டவனைத் தூக்கியதையும், காயத்தில் எண்ணெய் வார்த்ததையும், சாவடிப் பொறுப்பாளரிடம் இரண்டு தெனாரியம் தந்ததையும் சொன்னோம். திரும்பி வருவேன் என்று அவர் கூறிச் சென்றதை மட்டும் விரைந்து கடந்துவிட்டோம். அந்த ஒரு சொல்லால்தான் சாவடியில் இருந்தவனுக்குக் காவல் கிடைத்தது. கேட்க ஒருவர் வருவார் என்பது பொறுப்பாளருக்குத் தெரிந்திருந்தது.

நாமோ பிறந்தநாளன்று காப்பகத்தில் ஒருவேளை உணவளிக்கிறோம், நிழற்படம் எடுத்துக்கொள்கிறோம், இரசீதோடு திரும்புகிறோம். இரவில் கதவு எப்பக்கம் பூட்டப்படுகிறது, சாவி யாரிடம் இருக்கிறது, 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டப்படி இல்லம் பதிவு பெற்றதா, 1098 என்னும் உதவி எண் பிள்ளைகளின் கண்ணில் படும்படி எழுதப்பட்டுள்ளதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. பீடத்தருகே நின்று நன்கொடை கேட்ட நாமும் இதில் பங்காளிகளே.

கேட்பது அவநம்பிக்கை அன்று, அன்பின் மறுபாதி. நம் திருச்சபை நடத்தும் இல்லங்களிலிருந்தே தொடங்குவோம். அடுத்த முறை அரிசி மூட்டையோடு செல்கையில் இந்தக் கேள்விகளையும் எடுத்துச் செல்வோம். பதில் சொல்லத் தயங்கும் வாயிலுக்கு மறுவாரமும் திரும்பிச் செல்வோம்.