குதிரை தள்ளினாலும் குழி பறிக்காமலிருக்க



"குதிரை கீழே தள்ளினதுமல்லாமல் குழியும் பறித்ததாம்" என்று எங்கள் அம்மம்மா அடிக்கடி சொல்லுவா. திருகோணமலையில் குதிரை ஏது? எங்கள் வீதிகளில் நிற்பவை மாடும் ஆடும், பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் போனால் புள்ளிமானும்தான். ஆனால் அந்தப் பழமொழி எனக்கு விளங்கியது 2018 இல், ஸ்கூட்டியிலிருந்து விழுந்த பிறகு.

நான் மூதூர்ப் பக்கத்தவள். 2006 இல் இடம்பெயர்ந்தபோது வீட்டையும் தையல் மெசினையும், முற்றத்தில் நின்ற மோட்டார் சைக்கிளையும் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தோம். பிறகு பதினொரு வருடம் நடையும் பஸ்ஸும்தான். 2017 இல் சீட்டுக் காசு கிடைத்ததும் கையால் மாறிய ஒரு ஸ்கூட்டி வாங்கினேன். "ஓடத் தெரிந்த கைதானே" என்று துணிச்சலோடு ஏறினேன்.

கை மறக்கவில்லை. வீதிதான் மாறியிருந்தது. நான் ஓடப் பழகிய காலத்தில் மூதூரிலிருந்து நகரத்துக்கு வருவதென்றால் தோணிப்பாலமும் சோதனைச்சாவடியும். எந்த வாகனமும் வேகமாக வர முடியாது. 2009 இல் கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்தார்கள். 2011 இல் மூதூர்ப் பாதையிலிருந்த மற்றப் பாலங்களும் திறக்கப்பட்டன. காப்பெற் வீதியில் பஸ்ஸும் டிப்பரும் பறக்கின்றன. நான் மட்டும் பழைய காலத்து நிதானத்தில் ஓடினேன். ஒரு பின்னேரம் மாடு ஒன்று குறுக்கே வர, திடீரென்று பிறேக் பிடித்துச் சறுக்கி விழுந்தேன். கால் எலும்பு முறிந்தது.

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சைக்குக் காசில்லை. ஆனால் மூன்று மாதம் மெசின் மிதிக்க முடியவில்லை. "அக்கா, உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்குத்தானே?" என்று பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டபோதுதான் அந்தக் கடுதாசியை எடுத்து முதன்முதலாக வாசித்தேன். அதில் என் காலுக்கும் ஒன்றுமில்லை, ஸ்கூட்டிக்கும் ஒன்றுமில்லை. கடைசியில் சங்கிலி அடகுக்குப் போனது. விழுந்தது தள்ளுதல், அடகு குழி.

அதனால்தான் இந்த மாதம் காப்புறுதி பற்றிக் கதைக்க வந்தேன். புதிதாக ஓடப் பழகுகிறவர்களும், என்னைப்போல் நீண்ட காலத்துக்குப் பிறகு திரும்ப ஏறுகிறவர்களும், 2022 இல் பெற்றோல் இல்லாமல் மூலையில் வைத்த ஸ்கூட்டியைத் தூசு தட்டி எடுத்தவர்களும் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

இரண்டு வகை

முதலாவது, மூன்றாந்தரப்புக் காப்புறுதி. மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இது இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாது. நம்மில் பலர் அதற்காகவே இதைக் கட்டுகிறோம். நாம் இடித்து வேறொருவருக்குக் காயமோ மரணமோ ஏற்பட்டால், அவருக்குக் கொடுக்க வேண்டிய நட்டஈட்டை இது ஏற்கும். அவருடைய மதிலோ வாகனமோ உடைந்தால் எவ்வளவு வரை என்று பத்திரத்தில் ஓர் எல்லை போட்டிருக்கும். நமக்கும் நம் வாகனத்துக்கும் இதில் எதுவும் கிடையாது. நான் வைத்திருந்தது இதைத்தான்.

இரண்டாவது, முழுக் காப்புறுதி. மூன்றாம் ஆளுக்குரியதோடு, விபத்து, தீ, களவு ஆகியவற்றால் நம் வாகனத்துக்கு வரும் நட்டமும் இதில் அடங்கும். லீசிங்கில் எடுத்தால் கடன் முடியும் வரை பெரும்பாலும் இதைத்தான் கேட்பார்கள். "முழு" என்ற சொல்லை நம்பி ஏமாறாதீர்கள். வெள்ளம், கலவரம், பயங்கரவாதம் போன்றவற்றுக்குப் பல இடங்களில் மேலதிகமாகக் கட்ட வேண்டும். போர் என்றால் எவ்வளவு கட்டினாலும் இல்லை. நாம் 2006 இல் இழந்ததுபோல் ஓர் இழப்புக்கு எந்த மோட்டார் காப்புறுதியும் பதில் சொல்லாது.

எதைத் தெரிவு செய்வது?

"ஸ்கூட்டி போனால் இன்னொன்று வாங்க என்னால் முடியுமா?" என்று உங்களையே கேளுங்கள். கடனில் எடுத்தது, புதிது, தொழிலுக்கு அதுதான் கால் என்றால் முழுக் காப்புறுதியே நல்லது. பழைய வண்டி, விலையும் குறைவு என்றால் மூன்றாந்தரப்போடு நிற்கலாம். ஆனால் அப்படி நிற்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வண்டியை விட விலை கூடியது அதை ஓடுகிற உடம்பு. வீட்டில் உழைப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்றால், தனிநபர் விபத்துக் காப்புறுதி ஒன்றைத் தனியாகவோ சேர்த்தோ எடுங்கள். கை கால் இயலாமற்போனால், மரணம் நேர்ந்தால் ஒரு தொகை தருவார்கள். சிலவற்றில் வேலை செய்ய முடியாத வாரங்களுக்கும் கொடுப்பனவு உண்டு. இன்று என்னிடம் இருப்பது மூன்றாந்தரப்பும் இதுவும்தான்.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டியவை

முகவர் தம்பி எவ்வளவு அன்பாகக் கதைத்தாலும் இவற்றைக் கேட்காமல் கையொப்பமிடாதீர்கள்.

1. காப்புறுதி செய்த பெறுமதி எவ்வளவு? 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டிகளின் விலையும் ஏறியது. 2025 இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியது. விலை இப்படி மாறும்போது பழைய பெறுமதியையே வருடாவருடம் எழுதினால், களவு போனால் வரும் காசுக்கு இன்னொரு ஸ்கூட்டி வாங்க முடியாது. கூட்டி எழுதினாலும் சந்தை விலைக்கு மேல் தரமாட்டார்கள்.

2. முதலில் நான் ஏற்க வேண்டிய தொகை உண்டா? சின்னச் சேதத்துக்கு நட்டஈடு கேட்டுப் பயனுண்டா என்பது இதில்தான் தெரியும்.

3. வேறு யார் ஓடலாம்? மகனோ தங்கச்சியோ ஓடினால் என்ன நிலை? பழகுநர் ஓடும்போது விபத்து நடந்தால் என்ன நிலை?

4. பின்னால் இருப்பவருக்குக் காப்பு உண்டா? முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் இரண்டு என்று போகிறோமே, அந்த மேலதிகப் பிள்ளைகளுக்கு எந்தப் பத்திரமும் பொறுப்பெடுக்காது.

5. எந்தப் பாவனைக்கு? இடியப்பம், மீன், தைத்த துணி கொண்டுபோய் விற்கிறீர்கள் என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். "சொந்தப் பாவனை" என்று எழுதிவிட்டுக் கூலிக்கு ஓடினால் நட்டஈடு மறுக்கப்படலாம்.

6. ஒரு வருடம் நட்டஈடு கேட்காவிட்டால் அடுத்த வருடக் கட்டணத்தில் கழிவு உண்டா?

பத்திரத்தைத் தமிழில் கேளுங்கள். விளங்காத மொழியில் தந்தால் ஒருவரைக் கொண்டு வாசிப்பித்த பிறகு கையொப்பமிடுங்கள்.

சாரதி அனுமதிப்பத்திரத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 100 சீசீக்கு மேற்பட்ட ஸ்கூட்டிக்கு ஏ1 வகுப்புப் போதாது, ஏ வகுப்பு வேண்டும். திரும்ப ஏறுகிறவர்கள் முடிவுத் திகதியையும் பாருங்கள். செல்லுபடியாகாத அனுமதிப்பத்திரத்தோடு ஓடினால் கட்டிய காசு வீண்.

யாருடைய பெயர்?

இது எங்கள் பகுதிக்கு மிக முக்கியமானது. பழைய வண்டி வாங்கும்போது பெயர் மாற்றாமல், விற்றவரின் கையொப்பமிட்ட படிவத்தோடு பல வருடம் ஓடுகிறோம். பதிவு ஒருவர் பெயரில், காப்புறுதி இன்னொருவர் பெயரில் என்றால் நட்டஈடு எடுக்கும் நேரத்தில் அலைச்சல்தான். வாங்கிய கையோடு பெயரை மாற்றுங்கள்.

கணவர் பெயரில் இருக்கும் வண்டியை ஓடும் சகோதரிகள் பலர். அவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழோடு மாற்றிக்கொள்ளலாம். காணாமல் ஆக்கப்பட்டிருந்தால்? "அவர் வருவார், நான் மரணச் சான்றிதழ் எடுக்கமாட்டேன்" என்று சொல்லும் ஓர் அக்காவை எனக்குத் தெரியும். அவருடைய மனதை நான் மதிக்கிறேன். 2016 இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, இறந்துவிட்டார் என்று எழுதாமலே, காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெற வழியுண்டு. அவருடைய சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்க அது உதவும். அந்தச் சான்றிதழை வைத்து வண்டிக்கு என்ன செய்யலாம் என்று பிரதேச செயலகத்திலும் காப்புறுதி அலுவலகத்திலும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

விபத்து நடந்துவிட்டால்

முதலில் காயப்பட்டவரைக் கவனியுங்கள். பிறகு காப்புறுதி நிறுவனத்தின் இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்; அந்த இலக்கத்தை இன்றே தொலைபேசியில் பதிந்து வையுங்கள். வண்டியை எடுக்குமுன் போட்டோ எடுங்கள். மற்ற வாகனத்தின் இலக்கத்தையும் அதன் காப்புறுதி விபரத்தையும் குறியுங்கள். மற்றவர்தான் பிழை என்றால் உங்கள் நட்டஈடு அவருடைய காப்புறுதியிலிருந்துதான் வரவேண்டும். யாருக்காவது காயமென்றால் பொலிசில் முறைப்பாடு செய்து பிரதி எடுங்கள். "இந்தா ஆயிரம் ரூபா, போங்கோ தங்கச்சி" என்று வீதியில் சமாதானம் பேசினால் பயந்துபோய்ச் சம்மதிக்காதீர்கள். மதிப்பீட்டுக்கு முன் வண்டியைத் திருத்தவும் கொடுக்காதீர்கள்.

நட்டஈட்டை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்தோடு பேசித் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. வழக்கென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள்.

இப்போதும் நான் ஸ்கூட்டி ஓடுகிறேன். பாலத்தைக் கடக்கும்போது காற்று முகத்தில் அடிக்கும் அந்த நிமிடத்தை விட்டுவிட மனமில்லை. மாடு நிற்கும் இடங்களும் இப்போது எனக்குத் தெரியும். மூட்டு மட்டும் மழைக்காலத்தில் நோகும். சங்கிலியை மீட்க ஒன்றரை வருடம் சென்றது. உங்கள் சங்கிலி கழுத்திலேயே இருக்கட்டும். இன்று பின்னேரம் அந்தக் கடுதாசியை அலுமாரியிலிருந்து எடுத்து ஒருமுறை வாசியுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.