பதுங்குகுழியின் சிரிப்பு யாருடையது?

போர்முனைப் பதுங்குகுழி வாழ்க்கையைப் பற்றிய கேலிச்சித்திரங்கள் வீரர்களின் துயரத்தை மலிவாக்குகின்றன, அவை ஆட்சியாளரின் பிரசாரத்துக்கே பயன்பட்டன, அந்தச் சிரிப்பு தமிழ் மரபுக்கு அந்நியமானது என்ற மூன்று கருத்துகள் பரவலாக நிலவுகின்றன. சித்திரத்தை வரைந்தவர் எங்கே நின்று வரைந்தார் என்பதை மூன்றுமே கணக்கில் கொள்வதில்லை.

சாவு, சேறு, பசி போன்ற தாங்கவொண்ணாதவற்றைச் சிரிப்பின் வழியே சொல்வதே அவல நகைச்சுவை. முதல் உலகப் போரில் அதற்குப் பெயர்பெற்ற ப்ரூஸ் பெயர்ன்ஸ்ஃபாதர் 1915இல் ஈப்ர் போர்முனையில் காயமுற்ற பிரிட்டிஷ் அதிகாரி. எறிகுண்டு தோண்டிய பள்ளத்தில் பதுங்கியிருக்கும் இருவரில் ஒருவர் மற்றவரிடம், இதைவிட நல்ல பள்ளம் தெரிந்தால் அங்கே போகலாமே என்று எரிச்சலுடன் சொல்வதாக அவர் வரைந்த சித்திரம், தப்ப இடமே இல்லாத நிலையைத்தான் சொல்கிறது. அதில் துயரம் மலிவாகவில்லை.

பிரசாரம் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. பெயர்ன்ஸ்ஃபாதரைப் பின்னர் பிரிட்டிஷ் போர்த்துறையே பணிக்கு அமர்த்தியது. ஆயினும் இரண்டாம் உலகப் போரில் பில் மால்டின் வரைந்த, சவரம் செய்யாத, களைத்த அமெரிக்க வீரர்கள் தளபதி பேட்டனுக்குச் சினமூட்டினர். அவர் 1945இல் மால்டினை நேரில் வரவழைத்துக் கண்டித்த பிறகும் சித்திரங்கள் மாறவில்லை.

மூன்றாவது கருத்துக்கு நீண்ட மறுப்பு தேவை. போர்க்களத்துப் பேய்கள் பிணங்களைக் கொண்டு கூழ் அட்டு, ஒன்றையொன்று அழைத்துப் பரிமாறி உண்பதாகச் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியை வைத்திருக்கும் மொழிக்கு அவல நகைச்சுவை அந்நியமாக இருக்க முடியாது. ஆனால் பரணி வென்றவனின் அவையில் எழுந்த சிரிப்பு. பதுங்குகுழிச் சித்திரமோ அடிபடுபவனின் சிரிப்பு. இந்த இரண்டாம் வகையும் இந்தியருக்குத் தெரியும்: முதல் உலகப் போரில் பிரான்சில் போரிட்டுக் காயமுற்ற சிப்பாய்கள் எழுதிய கடிதங்களில், தணிக்கையாளர் கண்ணுக்குத் தப்புவதற்காக இந்தியரைக் கறுப்பு மிளகென்றும் வெள்ளையரைச் சிவப்பு மிளகென்றும் குறித்து, கறுப்பு மிளகு தீர்ந்துவருகிறது என்று சொன்ன கடிதமும் ஒன்று. படம் வரைய இதழ் இல்லாதவர்கள் சொல்லால் வரைந்த சித்திரம் அது.

இரண்டாம் உலகப் போர் சென்னையையும் தொட்டது. தக்கயாகப்பரணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், ஜப்பானியர் குண்டுவீசுவர் என்ற அச்சத்தில் 1942இல் நகரம் காலியானபோது திருவல்லிக்கேணி வீட்டை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்று, அங்கேயே காலமானார். அந்தக் காலத்தின் சிப்பாய்க் கடிதங்களும் பைண்டு செய்த வார இதழ்களும் மயிலாப்பூர், தியாகராய நகர் வீடுகளின் பரண்களில் இன்னும் கிடக்கக்கூடும். அவற்றை வைத்திருப்போர் பழைய காகிதத்துக்குப் போடாமல், பெசன்ட் நகரில் உள்ள உ.வே.சா. நூலகத்துக்கோ தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ தெரிவிக்க வேண்டும்.