ரேஷன் அரிசியில் மிதப்பது பிளாஸ்டிக்கா?

கேள்வி: ரேஷன் அரிசியைக் களையும்போது சில அரிசிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக் என்று அக்கம்பக்கத்தில் பொறுக்கி எறிகிறார்கள். என்ன செய்வது?
– வாசகி, ராயபுரம், சென்னை.

பதில்: எறிய வேண்டாம். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 கலந்து, இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்தெடுத்து, 100 கிலோ அரிசிக்கு 1 கிலோ வீதம் சேர்க்கிறார்கள். நிறமும் எடையும் சற்று மாறியிருப்பது அதனால்தான். வெந்தால் சோற்றோடு குழைந்துவிடும், பிளாஸ்டிக் குழையுமா?

ரத்தத்தில் ஹீமோகுளோபின் உருவாக இரும்புச்சத்து வேண்டும், குறைந்தால் சோகை. கருவின் மூளை, தண்டுவடம் சரியாக உருவாக ஃபோலிக் அமிலம் அவசியம். பி12 நரம்புகளைக் காக்கும். காய்கறி, தானியத்தில் இது இல்லை, மீனில் உண்டு. காசிமேட்டை அருகில் வைத்துக்கொண்டு இதற்கு மாத்திரை தேடுவானேன்? நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச்சத்தும் சேரும்.

அரிசியைப் பலமுறை அலச வேண்டாம். வடித்த கஞ்சியிலும் சத்து இறங்கியிருக்கும், கொட்டாமல் குடிக்கலாம். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும். எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்த்தால் கூடும். தலசீமியா உள்ளவர்கள் மட்டும் இந்த அரிசியை மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடவும்.