சாளரம் அசைவது யாருக்காக?

மேக் கணினியில் ஒரு சாளரத்தைச் சுருக்கினால் அது நெளிந்து, ஒடுங்கி, திரையின் அடியிலுள்ள பட்டைக்குள் வழிந்து மறைகிறது. விளக்குக்குள் திரும்பும் பூதத்தை நினைவூட்டுவதால் அவ்வசைவுக்கு 'ஜீனி' என்றே பெயர். இத்தகைய அசைவூட்டங்களை வெற்று ஆடம்பரம் என ஒதுக்குவோர் பலர். புதுக் கணினி வாங்கியதும் முதல் வேலையாக அவற்றை நிறுத்திவிடுவது கணினி அறிந்தோரிடையே ஒரு பெருமை. அப்பெருமையில் பாதி நியாயமே உண்டு.

பே-வெய் சாங், டேவிட் அங்கர் இருவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, கார்ட்டூன் படங்களின் உத்திகள் பயனர் இடைமுகத்துக்கும் உதவும் என வாதிட்டது. ஒரு பொருள் சட்டென மறைந்து வேறிடத்தில் தோன்றினால் கண் அதைத் தேடி அலைகிறது; நகர்ந்து சென்றால் பின்தொடர்கிறது. இலக்கணம் கற்றோர் இதை வினையெச்சத்தோடு ஒப்பிடலாம். 'சுருங்கி', 'நகர்ந்து' போன்ற எச்சங்களே ஒரு வினையை அடுத்த வினையோடு பிணைக்கின்றன. அவற்றை நீக்கினால் முற்றுகள் மட்டும் துண்டு துண்டாக நிற்கும். புதிதாகக் கணினி பழகும் முதியவர், "எழுதினதெல்லாம் எங்கே போச்சு?" என்று பதறுவது அந்தத் துண்டிப்பில்தான்.

2006இல் லினக்ஸுக்கு வந்த காம்பிஸ் வேறு வகை. இழுத்தால் சாளரம் ஜெல்லிபோல் ஆடும். மேசைத்தளங்கள் கனசதுரத்தின் முகங்களாகச் சுழலும். பொருள் குறைவு, களிப்பு மிகுதி. ஆயினும் அதில் குற்றமில்லை. விரும்பியவரே அதை நிறுவினார், ஆட்டத்தின் விறைப்பையும் உராய்வையும்கூடத் தம் விருப்பப்படி அமைத்துக்கொண்டார்.

சிக்கல், கேளாமலே திணிக்கப்படும் அசைவில் இருக்கிறது. கைப்பேசி உலகில் 2013இல் வந்த ஐஓஎஸ் 7 இதற்குச் சான்று. செயலியைத் திறக்கும்தோறும் திரை பெரிதாகிப் பாய்ந்தது. தலைசுற்றலும் குமட்டலும் வருவதாகப் பயனர் சிலர் முறையிட்டனர். அடுத்த மாதமே 7.0.3 பதிப்பில் அதைத் தணிக்க வழி செய்யப்பட்டது. உட்செவியின் சமநிலை உறுப்பு பழுதுற்றவர்க்கு, உடல் அசையாதிருக்கக் கண் மட்டும் அசைவைக் காண்பது உண்மையான துன்பம், மனப்பிரமை அன்று.

ஆகவே கேள்வி அசைவு வேண்டுமா வேண்டாமா என்பதன்று, எவ்வளவு என்பதே. விண்டோஸ் 11இன் அமைப்புகளிலும் க்னோமிலும் இருப்பது ஒற்றை ஆளி. முழுதும் உண்டு அல்லது முழுதும் இல்லை. (சுருக்குதல், பெரிதாக்கலுக்கான தனித் தெரிவு விண்டோஸின் பழைய உரையாடல் பெட்டி ஒன்றில் ஒளிந்துகிடக்கிறது.) கேடிஈ பிளாஸ்மாவோ வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு நழுவுபட்டையும், ஒவ்வோர் அசைவுக்கும் தனித் தெரிவும் தருகிறது. பிறர் பின்பற்றத் தக்கது அதுவே.

விண்டோஸின் ஆளி இருக்கும் இடமும் பொருந்தவில்லை. 'அணுகல்தன்மை' என்ற தலைப்பைக் கண்டதும் அது மாற்றுத்திறனாளிகளுக்கு மட்டும் உரியது எனக் கருதிப் பலர் திறப்பதே இல்லை. தலைசுற்றலுக்குக் கண்ணாடியை மாற்றிப் பார்ப்பவருக்கு அப்படியோர் ஆளி இருப்பதே தெரியாது. மொழியையும் நாட்டையும் கேட்கும் முதல் திரையிலேயே அசைவின் அளவையும் கேட்டுவிடலாம்.